முதலாம் நம்பர் கடையின் பீலி

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைத் திறந்து வைத்த அன்று அமைச்சர் நெடுநேரம் பேசினார். பேச்சில் பாதி சுவரைப் பற்றித்தான் இருந்தது. மலையின் அடியை வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தில் பஸ்ஸைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குக் கொங்கிரீட் சுவர் எழுப்பி, வெள்ளை பூசி, அதன்மேல் யானையும் மிளகுக் கொடியும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் வரைந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்த நகை எங்கள் தோட்டங்களில் யாரிடமும் இல்லை. இப்படியொரு பஸ் ஸ்டாண்ட் மாத்தளை மாவட்டத்திலேயே கிடையாது என்று அமைச்சர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம். கக்கூசில் தண்ணீர் வராது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஊர்ப் பெயர் வேண்டாம். மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் வீதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லேகம பஸ் இங்கே நின்று, டிரைவர் தேத்தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் மலை ஏறும். நான் இப்திகார், அந்த ஸ்டாண்டின் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது உள்ளே வரும், எப்போது வெளியே போகும் என்பதெல்லாம் என் விசிலில் இருக்கிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று டிரைவர்மார் சொல்வார்கள். நேரத்துக்கு பஸ் எடுக்காதவனிடம் வேறு எப்படிப் பேசுவது?

தண்ணீர் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். நகர அபிவிருத்திக்கென்று ஒதுக்கிய காசு வருஷத்தின் பிற்பாதியில்தான் எங்கள் பிரதேச சபைக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் மிச்சம் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். ஆகவே மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு கொங்கிரீட் போட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதை முதலில் செய்தார்கள்: சுவர், தரைக்கு இன்டர்லொக் கல், கடைகளுக்கு டைல், பெரிய பெயர்ப் பலகை. தெரியாததைக் கடைசிக்கு விட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் சேரவிடாமல் ஒரு பக்கமாக எடுத்துப் போகும் மேல் கான் ஒன்று; கடைகளுக்கும் கக்கூசுக்கும் தண்ணீர் லைன் மற்றொன்று. அவற்றின் முறை வந்தபோது வருஷம் முடிந்துவிட்டது, மிச்சக் காசும் கொழும்புக்குப் போய்விட்டது. எங்கள் ஸ்டாண்டிலிருந்து நேரத்துக்குப் புறப்பட்டது அது ஒன்றுதான்.

சுவரின் அடியில் வரிசையாகக் கடைகள். முதலாம் நம்பர் கடை றமீஸா ராத்தாவுடையது. ராத்தா என்றால் எங்களில் அக்கா, நானா என்றால் அண்ணன். அவருடைய பழைய தேத்தண்ணீர்க் கடை வீதியோரத்தில் இருந்தது. வீதியை அகலமாக்கும்போது அதை இடித்தார்கள். கணவர் பலீல் நானா மவுத்தானதிலிருந்து அந்தக் கடையை வைத்துத்தான் அவர் சீவித்தார், மகள் ஸில்மியாவைப் படிப்பித்தார். ஸில்மியா அப்போது கல்வியியற் கல்லூரியில். இன்னும் ஒரு வருஷம் போனால் டீச்சர். கடைக்குப் பதிலாகக் கடை தருவோம் என்று சபை சொன்னது, சொன்னபடி தந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகான கடை. வெள்ளை டைல், இழுத்து இறக்கும் ஷட்டர், புது மேசை. பைப் பூட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறும் ஓட்டை இருந்தது.

முதல் சில மாதங்கள் ராத்தா கேனில் தண்ணீர் சுமந்து சமாளித்தார். சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பீ.எச்.ஐ. மாத்தயா என்போம், நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பதால் அவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. ஆகஸ்டில் ஒரு நாள் வந்து கேனைத் திறந்து மணந்து பார்த்தார். கோப்பை கழுவும் வாளியைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அடுத்த வருஷத்துக்கு லைசன்ஸ் வேணுமென்றால் ஓடுகிற தண்ணீர் இருக்க வேண்டும், நோனா," என்று சிங்களத்தில் சொன்னார். "டிசம்பரில் வந்து பார்ப்பேன். பைப்பைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் என்னால் கையெழுத்து வைக்க முடியாது."

அவர் போன பிறகு ராத்தா சபைக்குப் போனார். நானும் கூடப் போனேன். தண்ணீர் லைன் அடுத்த ஒதுக்கீட்டில் வரும் என்றார்கள். லைசன்ஸ் கிடைக்காத கடையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திரும்பவும் டெண்டர் போடுவோம் என்றார்கள். இரண்டையும் ஒரே ஆள், ஒரே கதிரையில் இருந்து, முகம் மாறாமல் சொன்னார். வெளியில் ரோல்ஸ், பெட்டிஸ் விற்கும் றிகாஸ் அதற்கு முன்பே வந்து முதலாம் நம்பர் கடையின் நீள அகலத்தைக் காலால் அளந்துவிட்டுப் போயிருந்தான்.

"ஸில்மியா படிச்சி முடிக்கிற வரைக்கும் இந்தக் கடை ஈந்தாப் போதும் தம்பி," என்றார் ராத்தா, திரும்பி வரும் வழியில். "அதுக்குப் பொறகு யாரு வேணுமெண்டாலும் எடுத்துக்கொள்ளட்டும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

ஸ்டாண்டுக்கு வந்த பிறகும் நாங்கள் அதையே பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மாடசாமி. வயதாகித் தோட்ட வேலையை விட்டு இறங்கி வந்து, ராத்தாவின் கடைக்குப் பக்கத்தில் கடலை விற்பவர். வயதில் என் வாப்பாவுக்குச் சமம், ஆனாலும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் பார்க்கும் வேலை செய்தவர். அவர் எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

சுவரில் வரிசை வரிசையாகச் சின்னக் குழாய்கள் பதித்திருந்தார்கள், பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறுவதற்கு. வெயில் காலத்திலும் சில குழாய்களில் கசிவு இருந்தது. அந்தக் கசிவு யானையின் முகத்தில் பழுப்பாக வழிந்தது. சபைக்காரருக்கே அதில் பெரிய மனவருத்தம்.

"தண்ணி இல்லேன்னு அழுவுறீங்களே றமீஸாம்மா, தண்ணி இங்க சும்மா போவுதுங்க," என்றார் மாடசாமி. "எல்லா வாயிலயும் கொஞ்சங் கொஞ்சமா போறதால யாருக்கும் ஒதவாம போவுது. மத்த வாயெல்லாம் அடைச்சு ஒண்ணுக்குத் திருப்பி விட்டா, பீலியாக் கொட்டும். நான் கட்டித் தர்றேன்."

பீலி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மலையில் கசிவு கண்ட இடத்தில் குழாயோ மூங்கிலோ செருகி, அக்கம்பக்கத்துக் கசிவுகளைக் களிமண்ணும் தும்பும் வைத்து அடைத்து, தண்ணீரை ஒரே இடத்தில் விழ வைப்பார்கள். குளிப்பது, உடுப்புக் கழுவுவது, குடம் நிரப்புவது எல்லாம் அதில்தான். தோட்டத்து லயங்களும் எங்கள் கிராமங்களும் பரம்பரையாக அப்படித்தான் தண்ணீர் குடிக்கின்றன. மாடசாமி கட்டிய பீலிகள் இன்றைக்கும் மேலே தோட்டத்தில் ஓடுகின்றன. அவருக்குப் பழக்கமான மலைகளுக்கு முன்னால் சுவர் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

முதலாம் நம்பர் கடைக்கு நேர் மேலே இருந்த குழாயை விட்டுவிட்டு, மற்றவற்றை ஏணி வைத்து ஒவ்வொன்றாக அடைத்தார். களிமண்ணையும் தும்பையும் கொஞ்ச நாளில் தண்ணீர் பிதுக்கித் தள்ளியது. கடைக்காரர்கள் சேர்ந்து சீமெந்து வாங்கிக் கொடுத்தார்கள். சீமெந்து வைத்த பிறகு ஒன்றும் அசையவில்லை. விட்ட குழாயின் வாயில் மாடசாமி ஒரு பலா இலையைச் செருகினார். இலை நுனியில் தண்ணீர் முதலில் நூலாக இறங்கியது, சில நாளில் விரல் தடிப்புக்கு வந்தது. அதில் ஹோஸ் மாட்டி, அந்த வெறும் ஓட்டை வழியாகக் கடைக்குள் எடுத்து, ஒரு பைப்பும் பூட்டினார்கள். ராத்தா பிஸ்மில்லா சொல்லித் திறந்தார். தண்ணீர் வந்தது. மனுஷி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

நானும் குடித்தேன். ரிவர்ஸ்டன் குளிர் அப்படியே தொண்டைக்குள் இறங்கியது. டிரைவர்மார் ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள், பள்ளிவாசலில் தொழப் பிந்தியவர்கள் அங்கேயே கைகால் கழுவி வுளூ எடுத்தார்கள், பல்லேகமைக்குப் போகும் பெண்கள் போத்தலில் நிரப்பிக்கொண்டு ஏறினார்கள். சபையிலிருந்து வந்தவர்கள் யானையின் முகம் காய்ந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்து, கறையின்மேல் திரும்பவும் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கறை ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை பிடித்தால் மலை தெரியாது. மூட்டத்துக்குள்ளிருந்து பஸ்ஸின் லைட் மட்டும் இறங்கி வரும். பீலி நாளுக்கு நாள் பெருத்தது. ஹோஸ் தாங்காமல் கழன்று விழுந்தது, மாடசாமி கம்பி சுற்றிக் கட்டினார்.

"பாத்தீங்களா நானா, சீவன் வந்துருச்சு," என்றார் அவர். பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல் சிரித்தார்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா என்னைக் கூப்பிட்டார். ஷட்டர் இறங்கவில்லை. நான் இழுத்தேன், மாடசாமி தொங்கினார், பாதியில் நின்றது நின்றதுதான். கிரீஸ் பூசினோம். ஷட்டர் வேலைக்காரன் வந்து பார்த்து, சட்டம் கோணிவிட்டது, புதுக் கட்டடம் படியும்வரை இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போனான். அன்றிலிருந்து ராத்தா பாதி ஷட்டருக்குக் கீழே பலகையைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அடுத்தது தரை. பல்லேகம பஸ் நிற்கும் இடத்தில் இன்டர்லொக் கற்கள் லேசாக மேலே எழும்பின. ஒரு பெரியவர் தடுக்கி விழுந்து என்னைத்தான் ஏசினார். கற்களை நான் காலால் மிதித்து அமர்த்தினேன். மறுநாள் பார்த்தால் இன்னும் உயர்ந்திருந்தன. புதுக் கல், புதுச் சுவர், எல்லாம் படிய வேண்டாமா என்று நானும் ஷட்டர்காரனின் கதையைத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் படிகிற பொருள் கீழே போகும், மேலே வராது. அந்த யோசனை வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுவருக்கு மேலே, வெட்டாமல் விட்ட மலையின் விளிம்பில், ஒரு கித்துல் மரம் நின்றது. திறப்பு விழாவில் எடுத்த படம் என் போனில் இருந்தது. படத்தில் அமைச்சருக்குப் பின்னால் அந்த மரம் நேராக நிற்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். மரம் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே சபைக்குப் போனேன்.

அங்கே யாருக்கும் நேரமில்லை. இந்த வருஷத்துக் காசு வந்திருந்தது. இம்முறை வீதி அழகுபடுத்தல்: நடுவீதியில் பூச்சட்டி, இரண்டு பக்கமும் அலங்கார விளக்குக் கம்பம். இதுவும் டிசம்பருக்குள் முடிய வேண்டும். கொட்டும் மழையில் பெக்கோ இயந்திரத்தால் குழி தோண்டுவதும், குழியில் நிரம்பிய தண்ணீரை வாளியால் அள்ளுவதும், கம்பத்தை இறக்குவதுமாக ஊரே அல்லோலகல்லோலப்பட்டது.

"பஸ் ஸ்டாண்ட் போன வருஷத்து வேல. அது முடிஞ்சி," என்றார் பழைய கதிரையில் இருந்த பழைய ஆள்.

"முடியல்ல சேர். இப்பதான் தொடங்குது," என்றேன்.

"பராமரிப்புக்கு இப்ப காசு இல்ல. ஜனவரிக்குப் பொறகு ஒரு கடிதம் தாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு என் வாயிலிருந்து என்னவெல்லாமோ வந்தது. பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்தாள். தினுஷா, புதிதாக வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், தோட்டத்துப் பிள்ளை. கம்பங்களின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள்.

"நானா, செவுத்துல உள்ள கொழாயில தண்ணி வருதா?" என்று கேட்டாள்.

"நல்லா வருது மிஸ். ஒரு கொழாயில."

"ஒண்ணுலயா? மத்ததுல?"

சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் யாரும் தொடாதீங்க. நாளைக்குக் காலையிலயே வந்துடுறேன். இன்னைக்குக் கம்ப வேலைய விட்டுட்டு என்னைய அனுப்ப மாட்டாங்க," என்றாள். அந்த ஆளிடம் எழுந்து போய் அவள் ஏதோ கெஞ்சுவதைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். அவர் கம்பம், கம்பம் என்றே பதில் சொன்னார்.

அன்று இரவு முழுக்க மழை விடவில்லை. காலையில் நான் ஸ்டாண்டுக்கு வந்தபோது ராத்தா எனக்கு முன்பே வந்து டைல் எல்லாம் கழுவி, கோப்பைகளைக் கவிழ்த்து வைத்து, பெருநாளுக்கு உடுத்தும் சாரியில் நின்றார். பத்து மணிக்கு பீ.எச்.ஐ. மாத்தயா வருகிறாராம். பைப்பைத் திறந்து காட்டினார். தண்ணீர் வந்தது, ஆனால் நிறம் மாறி வந்தது. பைப் வாயில் துணி கட்டி வடித்துக்கொண்டிருந்தார்.

"தேயில போடாமலே தேத்தண்ணி வருதே ராத்தா," என்று பல்லேகம டிரைவர் பகிடி பண்ணினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினுஷா குடையோடு வந்தாள். கடைகளைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. சுவரின் ஒரு ஓரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு ஓரம் வரைக்கும் பார்த்தாள். நானும் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நேராக இருந்த சுவர், யானையின் வயிறு இருந்த இடத்தில், உண்மையாகவே வயிறு வைத்திருந்தது.

"உள்ளுக்குத் தண்ணி நெறஞ்சு நிக்குது. அடைச்சதெல்லாம் இப்பவே தொறக்கணும்," என்றாள்.

ராத்தா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், அதெல்லாம் தொறந்தா ஏன்ட பைப்ல தண்ணி நிண்டுரும். மாத்தயா வந்து பாத்துட்டுப் போகட்டும். அவர் போன கையோட நானே ஒடச்சித் தாறேன். ஏன்ட புள்ளட படிப்பு இதுலதான் ஈக்கிது."

"அவ்வளவு நேரம் வைக்க ஏலாது அக்கா."

"நான் கட்டின பீலி ஒண்ணும் இதுவரைக்கும் ஒடஞ்சதில்ல புள்ள," என்றார் மாடசாமி. அவருக்கு நொந்துவிட்டது.

"தாத்தா, வெறும் மண்ணுல அடைச்சா தண்ணி வேற பக்கமா வழி தேடிப் போயிரும். இங்க எந்தப் பக்கம் போகும், சொல்லுங்க."

மாடசாமி சுவரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கண்ணை ஓட்டினார். அந்த நேரத்தில்தான் கடைக்குள் பைப் கொறகொறத்தது. இரண்டு தரம் இருமுவது போல் காற்றைத் துப்பியது. பிறகு நின்றது. ராத்தா ஓடிப்போய் மூடித் திறந்தார், திறந்து மூடினார். வெளியே வந்து மேலே பார்த்தார். பலா இலை நுனியில் ஒரு துளிகூட இல்லை.

"இண்டைக்கிப் பாத்தா?" என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார் என்று தெரியவில்லை. "இத்தன நாள் வந்திட்டு இண்டைக்கிப் பாத்தா?"

அவருக்கு வந்தது ஆத்திரமா, அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பீலியைக் குத்திச் சுத்தம் பண்ண மாடசாமி வைத்திருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி, கைக்கு எட்டிய குழாயின் சீமெந்தை அவரே குத்தினார். பின் வாங்கி நின்றோம், பீய்ச்சி அடிக்கும் என்று. சீமெந்து உடைந்து விழுந்தது. தண்ணீர் வரவில்லை. அடுத்ததைக் குத்தினார். அதிலும் இல்லை. மாடசாமி ஏணியில் ஏறி மேல் வரிசையை உடைத்தார். எல்லாம் காய்ந்த ஓட்டைகள். உள்ளே விட்ட கம்பியில் கொஞ்சம் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தது.

சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். "மிஸ் சும்மா பயம் காட்டிட்டா," என்றான் டிரைவர். "உள்ள தண்ணியே இல்லியே புள்ள," என்றார் மாடசாமி, ஏணியிலிருந்து இறங்கியபடி. உண்மையைச் சொல்வதானால் எனக்கும் நெஞ்சு லேசானது. தண்ணீர் இல்லை என்றால் ஆபத்தும் இல்லைதானே?

தினுஷா மட்டும் அந்தக் காய்ந்த ஓட்டையையே பார்த்தாள். குடையை ஒதுக்கி மழையைப் பார்த்தாள். கடைசியாக என் காலைப் பார்த்தாள்.

"நானா," என்றாள் மெதுவாக. "ரா முழுக்கப் பெஞ்ச மழை எங்க போச்சு?"

நானும் குனிந்து பார்த்தேன். என் சப்பாத்தைச் சுற்றி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில், சிவப்பாகத் தண்ணீர் ஊறி எழும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு அடியிலும் அப்படித்தான்.

"பஸ்ஸெல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்லுங்க. ஆளுங்களையும். இப்பவே."

விசிலை வாயில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஊதியதில்லை. பல்லேகம பஸ்ஸில் ஆள் நிறைந்திருந்தது. டிரைவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் காட்டிக் குடித்துவிட்டு வருகிறேன் என்று சைகை செய்தான். நான் அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டேன். அவன் என் உம்மாவைச் சொல்லி ஏசிக்கொண்டே பஸ்ஸை எடுத்தான். அதற்குப் பின்னால் மற்ற பஸ்கள் நகர்ந்தன. கடைக்காரர்கள் கையில் கிடைத்ததோடு வீதிக்கு ஓடினார்கள். தினுஷா மாடசாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"ராத்தா, வாங்க!" என்று கத்தினேன். "விட்டுட்டு வாங்க!"

"வாறேன் தம்பி, ரெண்டு நிமிஷம். தொறந்து போட்டுட்டு எப்பிடி வார? மாத்தயா வேற வாற நேரம்," என்றார் அவர். சாத்தியிருந்த பலகையைத் தேடினார். பலகை கைக்கு எட்டவில்லை. பழக்கத்தில் கையை உயர்த்தி ஷட்டரைப் பிடித்தார்.

ஷட்டர் இறங்கியது. மழை பிடித்ததிலிருந்து நாங்கள் எத்தனை பேர் தொங்கியும் அசையாத ஷட்டர், அவர் ஒற்றைக் கையால் தொட்டதும் ஒரு சத்தமில்லாமல் தரை வரைக்கும் வந்து நின்றது. ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"பாருங்க தம்பி, சரியாப் போச்சி!" என்றார். ஆமப்பூட்டைப் போடக் குனிந்தார்.

நான் அவரை நோக்கி ஓடினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். சுவர் விழும் என்றுதான் நினைத்திருந்தேன். விழவில்லை, நடந்து வந்தது. யானையும் மிளகுக் கொடியும் நகை போட்ட பெண்ணும் நின்றபடியே முன்னால் வந்தார்கள், அதற்குப் பின்னால் மலை வந்தது. யாரோ என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அந்தக் கை யாருடையது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்றும் தெரியாது.

பத்து மணிக்கு வருகிறேன் என்ற பீ.எச்.ஐ. மாத்தயா சொன்னபடி வந்தார். மோட்டார் சைக்கிளை வீதியோரத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். முதலாம் நம்பர் கடை இருந்த இடத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் வாய்க்காலாக ஓடி வந்து அவருடைய சப்பாத்துக்களை மூடியது. அவர் காலை எடுக்கவில்லை.

கம்பத்துக்குக் குழி தோண்டிய பெக்கோ உடனே வந்தது. கேட்காமலே இன்னும் இரண்டு வந்தன. எந்த ஒதுக்கீட்டில் டீசல் அடிப்பது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பகல் முழுக்கத் தோண்டினார்கள். மாடசாமி மழைக்குள் நின்று, கையாலேயே மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். யார் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை.

ஸில்மியாவுக்கு யாரோ போன் எடுத்திருந்தார்கள். உம்மாவுக்குச் சுகமில்லை, உடனே வா என்று மட்டும் சொன்னார்களாம். அவள் மாத்தளையில் பஸ் ஏறிவிட்டாள் என்று கண்டக்டர் எனக்குச் சொன்னான். ஸ்டாண்ட் இல்லாத ஊரில், புது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் விசிலோடு நான் நின்றேன். நேரத்துக்கு வராத பஸ்ஸை ஏசி ஏசியே வயது போனவன் நான். அன்றைக்கு அந்த பஸ் பிந்த வேண்டும், வழியில் எங்காவது நின்றுவிட வேண்டும், இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளைக்கு உம்மா இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்டேன்.

மூட்டத்துக்குள் லைட் தெரிந்தது. பஸ் நேரத்துக்கே வந்துவிட்டது.